புலா என்றால் மழை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் போகிற போக்கில், "பதினோரு வருஷம் போட்ஸ்வானாவில் கணக்கு எழுதியவன் நான்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். பள்ளத்தூர் தபால்காரர் இந்த மாதம் கொண்டுவந்து போட்ட கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாட்டைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே. மூட்டுவலிக்குத் தைலம் கேட்டிருக்கும் திருமயத்து அன்பர் தயவுசெய்து டாக்டரிடம் போகவும்.

என் ஏழு கல் தோடு 'ப்ளூ ஜாகர்'. என் மாமியார் போட்டுவிட்டது. பேரன், "இப்ப வைரமெல்லாம் போட்ஸ்வானாவில் இருந்துதான் வருது ஆயா" என்கிறான். என் தோடும் அந்த ஊர்தானா?
- ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

இல்லை ஆச்சி, பக்கத்து ஊர். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ளவர்கள் 'யாகர்' என்பார்கள், நம் வைர வியாபாரிகள் வாயில் அது ஜாகர் ஆகிவிட்டது. 1870-ல் அங்கே வைரம் கண்டார்கள். லேசான நீலம் ஓடும் வெள்ளைக் கல்லுக்கு அந்தச் சுரங்கம் பேர்போனது. 1893-ல் 995 காரட் கல் ஒன்றே அங்கே கிடைத்தது. நாளாவட்டத்தில் ஊர்ப்பெயர் நிறத்தின் பெயராகிவிட்டது. இன்று கடைக்காரர் 'ப்ளூ ஜாகர்' என்றால் அந்தச் சாயலைச் சொல்கிறார், அந்தக் குழியை அல்ல. குழியை 1971-லேயே மூடிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1971-ல்தான் போட்ஸ்வானாவின் ஒராபா சுரங்கத்தில் வைரம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஆகவே உங்கள் பேரனும் சரி, உங்கள் மாமியாரும் சரி.

கடல் கிடையாது, படை பெரிதாகக் கிடையாது, சுற்றிலும் பெரிய நாடுகள். அப்படிப்பட்ட போட்ஸ்வானா எப்படி வெளிநாட்டுக் கம்பெனிகளிடமும் அரசுகளிடமும் பேரம் பேசித் தன் பங்கை வாங்கியது?
- போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, தேவகோட்டை

உன் கேள்விக்கு ஒரு பதில் என் முதல் வாரத்திலேயே கிடைத்தது, தங்கச்சி. 1986. தலைநகர் கபரோனில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கராகப் போயிருந்தேன். வேலை அனுமதிக் காகிதத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போய், கவுண்டரில் இருந்த அம்மாளிடம் எடுத்த எடுப்பில், "ஃபாரம் எங்கே?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை நிதானமாகப் பார்த்தார். "டுமேலா, ரா" என்றார். வணக்கம் ஐயா என்று அர்த்தம். நான் விழித்தேன். திரும்பவும், "டுமேலா, ரா." எனக்குப் பின்னால் நின்றவர் காதோரம் சொல்லிக்கொடுத்தார். "டுமேலா, மா" என்றேன். நன்றாக எழுந்தீர்களா என்று கேட்டார். எழுந்தேன் என்றேன். நானும் அவரைக் கேட்டேன். அதற்கப்புறம்தான் ஃபாரம் வந்தது, அதுவும் சிரிப்போடு.

எந்த விஷயத்தையும் அவசரமாகத் தொடங்க மாட்டார்கள். தொடங்கினால் எழுந்து போகவும் மாட்டார்கள். ஊருக்கு ஊர் 'கோட்லா' என்று ஒரு சபை உண்டு. அரை வட்டமாக மரக்கட்டை வேலி, நடுவே நிழல், ஊர்த்தலைவர், சுற்றி மக்கள். நம் நகரத்தார் கோவிலில் கூட்டம் போடுவது போலத்தான், ஆனால் நம்மவர்களைவிடப் பொறுமை ஜாஸ்தி. யார் எவ்வளவு நேரம் பேசினாலும் குறுக்கே பேசுவதில்லை. 'பெரிய சண்டை என்பது வாயால் போடும் சண்டைதான்' என்று செட்ஸ்வானா மொழியில் ஒரு பழமொழியே இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பரப்பில் நம் தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு நாடு, மக்களோ ஏறக்குறைய 25 லட்சம்தான். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே 2011 கணக்குப்படி 13 லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி கலஹாரி மணல். 1966 செப்டம்பர் 30-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. அதற்கு முன்னால் அந்த நாட்டின் நிர்வாகத் தலைநகரம் நாட்டுக்குள்ளேயே இல்லை, எல்லைக்கு வெளியே தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கில் இருந்தது! விடுதலையின்போது தார் போட்ட சாலை 12 கிலோமீட்டர் என்பார்கள்.

முதல் ஜனாதிபதி செரெட்சே காமா. பமாங்வாட்டோ குலத்தின் பட்டத்து வாரிசு. லண்டனில் படிக்கப் போனவர் 1948-ல் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பக்கத்தில் நிறவெறி ஆட்சி பொறுக்குமா? தென்னாப்பிரிக்காவின் முகம் கோணக்கூடாது என்று பிரிட்டன் அவரைச் சொந்த மண்ணுக்குள் வரவிடாமல் தடுத்தது. 1956-ல் பட்டத்தைத் துறந்த பிறகுதான் திரும்பினார். பெரிய நாடுகள் தங்கள் காரியம் என்று வந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் செய்த முதல் புத்திசாலித்தனம், பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம் குலங்களுக்கு இல்லை, நாட்டுக்குச் சொந்தம் என்று 1967-ல் சட்டம் போட்டது. அதே வருஷம் ஒராபாவில் வைரம் கண்டுபிடித்தார்கள். அந்த இடம் எது தெரியுமா? அவருடைய சொந்தக் குலத்துப் பூமி. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் வீட்டுச் சொத்து.

அப்புறம் பேரம். கண்டுபிடித்தது டி பியர்ஸ் கம்பெனி. முதல் ஒப்பந்தத்தில் அரசுக்கு 15 சதவீதப் பங்கு. சுரங்கம் ஓடி லாபம் கண்ணில் பட்டதும் திரும்ப உட்கார்ந்தார்கள். 1975-ல் 50 சதவீதம், சரிபாதி. அந்தக் கூட்டுக் கம்பெனிதான் இப்போது டெப்ஸ்வானா. 1982-ல் ஜ்வானெங் சுரங்கம் திறந்தது, மதிப்புக் கணக்கில் உலகிலேயே பெரிய வைரச் சுரங்கங்களில் ஒன்று. பிறகு டி பியர்ஸ் கம்பெனியிலேயே 15 சதவீதம் வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம், "எங்கள் கல்லை ஏன் லண்டனில் வைத்து விற்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். 2011-ல் ஒப்பந்தம், 2013 நவம்பரில் கபரோனில் முதல் விற்பனை. 'சைட்' என்பார்கள். வருஷத்துக்குப் பத்து முறை, தேர்ந்தெடுத்த வியாபாரிகளுக்கு ஆளுக்கொரு பெட்டி கல். கம்பெனி சொல்வதுதான் விலை. சூரத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் வரும் குஜராத்தி வியாபாரிகள் அதற்கு முன் லண்டனுக்குப் பறந்தவர்கள், இப்போது கபரோனில் இறங்குகிறார்கள். நான் இருந்த காலத்தில் அந்த ஊரில் நல்ல காப்பி கிடைக்காது. இப்போது கிடைக்கும் என்று நினைக்கிறேன், குஜராத்திகள் போகும் இடத்தில் டீயாவது கிடைக்கும்.

கடைசியாக 2023-ல் பழைய ஒப்பந்தம் முடிகிற நாள் வரைக்கும் இழுத்துப் பிடித்தார்கள். அரசின் சொந்தக் கம்பெனியான ஒகவாங்கோ டயமண்ட் கம்பெனி டெப்ஸ்வானா கல்லில் 25 சதவீதத்தை எடுத்து விற்றுக்கொண்டிருந்தது. அது 30 ஆகி, படிப்படியாக 50 வரை உயர வேண்டும் என்று முடிவு. 2025 பிப்ரவரியில் கையெழுத்து. பதினைந்தில் தொடங்கிய கணக்கு இது, அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. ஒரு தடவைகூடக் கம்பெனியைத் துரத்தவில்லை, சுரங்கத்தைப் பூட்டவில்லை. தேர்வில் இதை எழுது. வருஷங்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, ஏன் துரத்தவில்லை என்பதை விட்டுவிடாதே. கல்லைத் தோண்டத் தெரிந்தவனும் விற்கத் தெரிந்தவனும் அன்றைக்கு அவர்களிடம் இல்லை. தெரிந்துகொள்ளும் வரை அவனை வைத்துக்கொண்டார்கள்.

தென்னாப்பிரிக்காவோடு நடந்துகொண்டதும் இதே மாதிரிதான். நிறவெறி அரசோடு தூதர் வைத்துக்கொள்ளவில்லை, 1994 வரைக்கும். ஓடிவந்த அகதிகளுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் ஆயுதப் பயிற்சி முகாம் நடத்த விடவில்லை. அப்படியிருந்தும் 1985 ஜூன் 14 ராத்திரி தென்னாப்பிரிக்கப் படை கபரோனுக்குள் புகுந்து 12 பேரைக் கொன்றுவிட்டுப் போனது. நான் போய் இறங்கியது அதற்கு அடுத்த வருஷம். ஊரில் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஆனால் எங்கள் கடைக்குச் சர்க்கரை, சோப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் அதே எல்லை தாண்டித்தான் வந்துகொண்டிருந்தது. ட்லோக்வெங் கேட்டில் லாரி நிற்கும், பில்லைக் காட்டுவோம், இறக்குமதித் தீர்வை கிடையாது. 1910-லிருந்து இருக்கும் சுங்க ஒன்றியம் அது, உலகிலேயே பழையது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோதோ, எஸ்வாட்டினி, பின்னால் சேர்ந்த நமீபியா. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு வசூலாகும் தீர்வையைப் பொதுவில் போட்டுப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். விடுதலை கிடைத்த மூன்றாவது வருஷமே, 1969-ல், பங்குக் கணக்கைத் திரும்ப எழுத வைத்துவிட்டார்கள்.

அடிக்கிற கையிடமிருந்தே தீர்வைப் பங்கை வாங்குவதா என்று அப்போது எனக்குக் கசப்பாக இருந்தது. கணக்கு எழுதி எழுதித்தான் புரிந்தது. கடல் இல்லாத ஊர், ரயில்கூட 1987 வரை அடுத்த நாட்டுக்காரர்கள் ஓட்டிய ரயில். வீம்பு பிடித்தால் கடையில் சோப்பு இருக்காது.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. 1980-ல் லுசாகாவில் ஒன்பது நாடுகள் கூடி, தென்னாப்பிரிக்காவை நம்பியிருப்பதைக் குறைக்க ஓர் அமைப்பு தொடங்கியபோது முன்னால் நின்றவர் செரெட்சே காமா. சில மாதங்களில் இறந்துபோனார். அந்த அமைப்புதான் 1992-ல் 'சாடெக்' ஆனது. இன்று 16 நாடுகள், தென்னாப்பிரிக்காவும் உள்ளே. தலைமையகம் கபரோன்.

அந்த நாட்டு நாணயம் 'புலா' என்றால் என்ன?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், புதுவயல்

மழை. சில்லறைக்குப் பெயர் 'தெபே', கேடயம். 1976 ஆகஸ்டு 23-ல் தென்னாப்பிரிக்க ராண்டை விட்டு வெளியே வந்து சொந்தப் பணம் அடித்தார்கள். மேடையில் பேசி முடிப்பவர் கையைத் தூக்கி "புலா!" என்பார், கூட்டம் முழுக்க "புலா!" என்று திருப்பிச் சொல்லும். ஊரணி நிரம்புகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்தில் 'இருப்பு: 412 மழை' என்று தமிழில் எழுதிப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன்.

ஜாம்பேசி ஆற்றில் ஒரு பாலம் வளைத்துக் கட்டியிருப்பதாக என் பையன் படம் காட்டினான். நேராகக் கட்டினால் செலவு குறையாதா? நான் பொதுப்பணித் துறையில் இருந்தவன், அதனால் கேட்கிறேன்.
- ஓய்வுபெற்ற ஓவர்சியர், காரைக்குடி

குறையும். ஆனால் நேராகக் கட்டினால் பாலம் ஜிம்பாப்வே தண்ணீர் மேல் போகும்! கசுங்குலா என்ற இடம். போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே, நமீபியா நான்கும் முட்டிக்கொண்டு நிற்கும் மூலை. இதில் போட்ஸ்வானாவும் ஜாம்பியாவும் ஒன்றை ஒன்று தொடுவது ஆற்றுக்குள் ஒரு துண்டு தூரம்தான். அந்தத் துண்டே கிடையாது, உங்களுக்குள் எல்லையே இல்லை என்று 1970-ல் தென்னாப்பிரிக்கா தகராறு செய்தது. அதற்குப் போட்ஸ்வானா சண்டை போடவில்லை. அமெரிக்காவிடம் பணம் வாங்கி, அந்தப் படகுத்துறை வரைக்கும் ஒரு சாலை போட்டது. சாலை வந்த பிறகு எல்லை இல்லை என்று எப்படிச் சொல்வது? 1979-ல் ரொடீசியப் படை (இன்றைய ஜிம்பாப்வேதான் அன்றைய ரொடீசியா) அந்தப் படகையே மூழ்கடித்தது. வேறு படகு விட்டார்கள்.

1991-ல் எங்கள் முதலாளியின் சரக்கோடு நானும் அந்தத் துறையில் நின்றிருக்கிறேன். மிதவை மாதிரி ஒரு படகு, ஒரு நேரத்தில் ஒரு பெரிய லாரிதான் ஏறும். கரையில் வரிசை மரத்துக்கு மரம் நீண்டு கிடக்கும். டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே கூழ் காய்ச்சிக் குடிப்பார்கள், வேட்டி மாதிரி துணியைக் கட்டிக்கொண்டு குளிக்க இறங்குவார்கள், முதலை பார்த்து. மூன்றாம் நாள்தான் எங்கள் முறை வந்தது. கணக்கில் அந்த மூன்று நாளை என்ன தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் 'ஆறு' என்று எழுதினேன். முதலாளி திட்டினார்.

2021 மே 10-ல் பாலம் திறந்தார்கள். 923 மீட்டர், சாலையும் தண்டவாளமும் சேர்ந்து. ஜப்பானும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தன, கொரியக் கம்பெனி கட்டியது. ஜிம்பாப்வேயின் ஓரத்தைத் தொடாமல் ஆற்றின் மேலேயே வளைந்து போகிறது. ஓவர்சியர் ஐயாவுக்கு அந்த வளைவு பொறியியல் குற்றமாகத் தெரியலாம். எனக்கு அழகாகத் தெரிகிறது.

பக்கத்திலேயே இன்னொரு கதை. சோபே ஆற்றில் செடுடு என்று ஒரு மணல் தீவு, வெள்ளம் வந்தால் பாதி நாள் தண்ணீருக்குள் கிடக்கும். போட்ஸ்வானாவா நமீபியாவா என்று வழக்கு. இரண்டு பேரும் ஹேக் நகரத்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1999-ல் தீர்ப்பு, தீவு போட்ஸ்வானாவுக்கு. நமீபியா ஒத்துக்கொண்டது. 2023 பிப்ரவரியில் அதே இரண்டு நாடும் பாஸ்போர்ட் வேண்டாம், அடையாள அட்டை போதும் என்று கதவைத் திறந்துவிட்டன. ஒரு வளவுச் சுவருக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும் நம்மூர்ப் பங்காளிகள் சிலரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். தீவில் வைரம் இருந்ததா என்று கேட்டார்கள்.

சீனா பக்கமா, அமெரிக்கா பக்கமா?
- வாசகர், கோட்டையூர்

கடைக்காரன் எந்த வாடிக்கைக்காரன் பக்கம்? 1975-லிருந்து சீனாவோடு உறவு. ஆனால் 2017-ல் தலாய் லாமா வருவதாக இருந்தபோது, சீனா எதிர்த்தும் வரலாம் என்றார்கள். கடைசியில் உடல்நலம் இல்லாமல் அவரே வரவில்லை. அமெரிக்காவோ 2025 ஏப்ரலில் 37 சதவீத வரி என்று அறிவித்து, ஆகஸ்டில் 15 ஆக்கியது. 37-ஐ 15 ஆக்கியதற்கும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது பாருங்கள்.

ஆய்வகத்தில் செய்யும் வைரம் வந்த பிறகு போட்ஸ்வானாவின் கதை முடிந்ததா?
- நகைக்கடை ஊழியர், காரைக்குடி

முடியவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் வைரம் ஒன்றுதான். 2024-ல் பொருளாதாரம் 3 சதவீதம் போலச் சுருங்கியது. அந்த வருஷம் அக்டோபரில் தேர்தல். விடுதலையிலிருந்து 58 வருஷம் ஆண்ட கட்சி தோற்றது, டூமா போகோ ஜனாதிபதியானார். தோற்றவர் சத்தம் போடாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். 2025 ஆகஸ்டில் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை என்று நெருக்கடி நிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதில் நம் நாட்டின் நிலைமை ரொம்ப விசித்திரம். உலகத்து வைரத்தில் பத்துக்கு ஒன்பது கல் பட்டை தீட்டுவது சூரத்தில். அந்த வகையில் போட்ஸ்வானாவுக்கு நாம் பெரிய வாடிக்கை. அதே சூரத்தில்தான் ஆய்வக வைரமும் குவிகிறது. 2023-ல் நம் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்குக் கொடுத்தது 7.5 காரட் ஆய்வக வைரம். கபரோனில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் ஐயா ஞாபகம் வரும். கடல் கடந்து கொண்டுவிற்கப் போன தலைமுறை. பர்மாவில் மோல்மேனுக்கு அடுத்தாளாகப் போய் மேலாளாக உயர்ந்தவர். நம்மவர்கள் அங்கே நிலம் வாங்கப் போகவில்லை, வட்டிக்குக் கொடுக்கத்தான் போனார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தது, வாங்கியவன் கட்ட முடியவில்லை, நிலம் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில். பணமாக இருந்தால் கப்பலில் ஏற்றலாம், வயலை எப்படி ஏற்றுவது? ஜப்பான்காரன் வந்ததும் ஐயா நடந்தே வந்து சேர்ந்தார். சுதந்திரப் பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் இரண்டாம் கட்டில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பர்மியப் பத்திரங்கள் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு மாட்டிக்கொள்ளும் இந்த ஆபத்தைப் போட்ஸ்வானா முன்பே பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1994-லேயே 'புலா நிதி' என்று ஒன்றைத் தொடங்கி, வைரக் காசில் ஒரு பகுதியை வெளிநாட்டு முதலீடாகப் போட்டு வைத்தார்கள். மாட்டிறைச்சியை ஐரோப்பாவுக்கு விற்கிறார்கள், யானை பார்க்கச் சுற்றுலாவுக்கு ஆள் வருகிறது. ஆனால் வைரம் விட்ட பள்ளத்தை இறைச்சியால் அடைக்க முடியாது. இப்போது டி பியர்ஸ் கம்பெனியையே அதன் பெரிய முதலாளியான ஆங்கிலோ அமெரிக்கன் விற்கப் பார்க்கிறது. பெரும்பான்மைப் பங்கை நாமே வாங்கிவிட வேண்டும் என்கிறார் போகோ. ஆசை நியாயம்தான். ஆனால் வாங்குவது சரக்கு விலை விழும் காலத்தில். ஐயா இருந்தால் பெட்டியடிக்கு அழைத்து உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டிருப்பார்: "அப்பு, இருக்கிற பங்குக்கு மேல அதே ஊர்லயே இன்னும் எதுக்கு?"

சிவிங்கிப்புலி (சீட்டா) அங்கிருந்தும் நம் நாட்டுக்கு வருகிறதாமே?
- வாசகி, ஆத்தங்குடி

ஆமாம். 2022-ல் நமீபியா எட்டு கொடுத்தது, 2023-ல் தென்னாப்பிரிக்கா 12. 2025 நவம்பரில் நம் குடியரசுத் தலைவர் போட்ஸ்வானா போனபோது அடையாளமாக எட்டை ஒப்படைத்தார்கள். கல்லுக்கு அடுத்தபடி அவர்களிடம் உலகம் கேட்கும் பொருள் அது.

பதினோரு வருஷம் வைர நாட்டில் இருந்தீர்களே, ஆச்சிக்கு ஒரு கல்லாவது கொண்டுவந்தீர்களா?
- பெயர் போட வேண்டாம் என்ற அன்பர், செக்காலை

பட்டை தீட்டாத கல்லை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே அங்கே ஜெயில், அண்ணே. நான் கொண்டுவந்தது ஒரு கூடை. ஒகவாங்கோ ஆற்றுப் பக்கம், மவுன் என்ற ஊரைச் சுற்றி, பெண்கள் ஒருவகைப் பனையின் குருத்தைக் கிழித்துச் சுருட்டிச் சுருட்டிப் பின்னுவார்கள், மரவேரைக் காய்ச்சிச் சாயம் ஏற்றுவார்கள். என் வீட்டு ஆச்சி விமான நிலையத்திலேயே அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கா பதினோரு வருஷம்? நம்ம கொட்டான்தானே இது" என்றார். இன்றைக்கும் அதில் மோர்மிளகாய்தான் கிடக்கிறது. போன தை மாதம் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பியபோது அதுவும் வரிசையில் போய்விட்டது. பின்னல் நெருக்கத்தைப் பார்த்து ஒரு பெரிய ஆச்சி, "எந்த ஊர் கொட்டான் இது?" என்று கேட்டார். மவுன் என்றேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"மானகிரியா? அங்க இவ்வளவு நல்லாப் பின்றவ யாரு?"